பெயர் விற்கும் சந்தை

ஈரோட்டில் மஞ்சள் விற்கிறார்கள். திருப்பூரில் பனியன் விற்கிறார்கள். பொள்ளாச்சியில் தேங்காயும் இளநீரும், கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் காங்கேயம் காளையும், அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசாமி பண்டிகையில் குதிரையும் விற்கிறார்கள். விலை வைக்கத் தெரியாத பொருள் என்று ஒன்று கொங்கு நாட்டானுக்குக் கிடையாது. அப்படிப்பட்டவனையே சற்றுத் திகைக்க வைக்கும் ஒரு சரக்கு இந்த முப்பது ஆண்டுகளுக்குள் உலகச் சந்தைக்கு வந்திருக்கிறது. அதற்கு எடை இல்லை; வாடை இல்லை; கிடங்கு வேண்டாம்; எலி கடிக்காது; மழையில் நனையாது. அது வெறும் பெயர். இணையத்தில் ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ முகவரியாக நிற்கும் பெயர். 'டொமைன்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கமும் பீளமேட்டுப் பக்கமும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிய பிறகு, இந்தச் சரக்கைப் பற்றிய பேச்சு நம்மூர் இளைஞர்களிடமும் உண்டாயிற்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஐம்பது பெயர், நூறு பெயர் என்று வாங்கி வைத்துக்கொண்டு, என்றைக்காவது ஒருவன் வந்து நல்ல விலைக்குக் கேட்பான் என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் விற்கிறது. ஆறு மாதம் விற்பதில்லை. ஏன் என்று அவர்களுக்கும் விளங்குவதில்லை, பெற்றவர்களுக்கும் விளங்குவதில்லை. இந்த வியாபாரத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் ஓரளவு விளங்கும் என்று தோன்றுகிறது.

ஆதியில் இணையத்தில் பெயர்களே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஒரு ஜாபிதா வைத்திருந்தார்கள். கிராமத்துக் கணக்குப்பிள்ளை சிட்டா வைத்திருந்த மாதிரி. ஊர் பெருகிய பிறகு ஒரு சிட்டா போதவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மோக்காபெட்ரிஸ் என்பவர் இன்றுள்ள பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15ஆம் தேதி 'சிம்பாலிக்ஸ் டாட் காம்' என்ற பெயர் பதிவாயிற்று. 'டாட் காம்' என்று முடியும் பெயர்களில் அதுவே முதலாவது.

அந்தக் காலத்தில் பெயர் இலவசம். கேட்டவனுக்குக் கேட்ட பெயர். யாரும் கேட்கத்தான் இல்லை. 1994ஆம் ஆண்டில் ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஒரு வேடிக்கை செய்தார். உலகமெங்கும் கடை வைத்திருக்கும் மக்டொனால்ட்ஸ் கம்பெனியின் பெயரைத் தாமே பதிவு செய்துகொண்டு, அந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதிவிட்டார். அத்தனை பெரிய கம்பெனிக்குத் தன் பெயர் ஒரு சொத்து என்ற நினைவே அதுவரை வரவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வசதிக்காகக் கம்பெனி 3,500 டாலர் கொடுக்க, அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, 1995 செப்டம்பரில், நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் பெயருக்குக் கட்டணம் விதித்தது. இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். இலவசமாகக் கிடைத்தபோது அலட்சியமாக இருந்த உலகம், காசு கேட்டவுடன் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதிதான் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. நாம் வாசற்படியில் கால் வைத்தபோது, உள்ளே ஏலம் ஆரம்பமாகிவிட்டது.

அந்த ஏலத்தின் போக்கைக் காட்ட 'பிசினஸ் டாட் காம்' என்ற ஒரு பெயரின் ஜாதகம் போதும். 1997இல் அது 1,50,000 டாலருக்கு விற்றது. பைத்தியக்கார விலை என்று ஜனங்கள் சிரித்தார்கள். 1999இல் அதே பெயர் 75 லட்சம் டாலருக்கு விற்றது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு தாங்களும் பெயர் வாங்க ஓடினார்கள். 2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை உச்சிக்குப் போய்ச் சரியத் தொடங்கியது. டாட் காம் கம்பெனிகள் வரிசையாக மூடப்பட்டன. ஏராளமான பெயர்கள் புதுப்பிக்கப்படாமலே உதிர்ந்தன. ஆனால் பிசினஸ் டாட் காம் உதிரவில்லை. அதன்மீது ஒரு தொழில் எழுப்பினார்கள். 2007இல் அந்தத் தொழிலையும் பெயரையும் சேர்த்துச் சுமார் 34 கோடி டாலருக்கு வாங்கியது ஆர்.எச். டானலி என்ற கம்பெனி. வாங்கிய இரண்டே ஆண்டில், 2009இல், அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது! ஒரே பெயர், பன்னிரண்டு ஆண்டு, ஏற்றம், ஏமாற்றம், மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம்.

நம் நாட்டிலும் அந்த ஆண்டுகளில் ஒரு பெரிய பேரம் நடந்தது. சென்னையிலிருந்த சத்யம் இன்போவே என்ற நிறுவனம், 1999 நவம்பரில் 'இந்தியா வேர்ல்டு' என்ற கம்பெனியைச் சுமார் 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கம்பெனியிடம் இருந்த தளங்களுக்கு என்ன பெயர் தெரியுமா? 'சமாசார்', 'கோஜ்', 'கேல்', 'பாவர்ச்சி' — செய்தி, தேடல், விளையாட்டு, சமையற்காரன். எந்த ஹிந்திக் குழந்தையும் அறிந்த வீட்டு வார்த்தைகள். பெயருக்கு மட்டும் கொடுத்த விலையல்ல அது; நடந்துகொண்டிருந்த தளங்களுக்கும், வந்துகொண்டிருந்த வாசகர்களுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை. ஆயினும், சாதாரண வார்த்தையை முந்திப் பிடித்தவனுக்கு யோகம் என்ற எண்ணம் இந்தியா முழுவதும் பரவ அது ஒரு காரணமாயிற்று.

இனி வியாபாரத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம்.

முதல் விஷயம்: பெயரை யாரும் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு டாட் காம் பெயருக்கு இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டத் தவறினால் சில நாள் தவணை. பிறகு அபராதத்தோடு மீட்க ஒரு முப்பது நாள். அதன் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். அதைப் பிடிக்க எங்கோ ஒருவன் கம்ப்யூட்டரை ஏவிவிட்டுக் காத்திருப்பான். ஆகவே நூறு பெயர் வைத்திருக்கிறவனுக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவு நிச்சயம். தோட்டம் விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டுகிறவன் கதைதான்.

இரண்டாவது: விற்பனை மிக அபூர்வம். நூறு பெயருக்கு ஆண்டில் ஒன்றோ இரண்டோ விற்றால் சரி என்பது இத்தொழிலில் பழகியவர்களின் அனுபவக் கணக்கு. ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 'அப்படியானால் ஆண்டுக்கு ஒன்று விற்கும்' என்று நினைப்பதில்தான் இளைஞர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஆண்டுக்குச் சராசரி ஒன்று என்பது வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஒன்று என்பது வேறு. கணித சாஸ்திரம் சொல்வது இது: பத்து ஆண்டை எடுத்துக்கொண்டால், மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு பெயரும் விற்காது, மூன்று நான்கு ஆண்டுகளில் ஒன்று விற்கும், எஞ்சிய இரண்டு மூன்று ஆண்டுகளில் இரண்டோ மூன்றோ விற்கும். இதற்குச் சந்தை கெட்டுப்போக வேண்டியதில்லை. கிரகம் மாற வேண்டியதில்லை. சரக்கு அதே சரக்கு, காலம் அதே காலம். ஆனாலும் இப்படித்தான் நடக்கும்.

கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோயமுத்தூர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 700 மில்லி மீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சராசரியை நம்பி எந்தப் பல்லடத்துக்காரனாவது கிணறு வெட்டாமல் இருந்தானா? ஓர் ஆண்டு கொட்டும். இரண்டு ஆண்டு காயும். வானம் பார்த்த பூமிக்காரன் நல்ல ஆண்டின் சோளத்தைக் குதிரில் போட்டு வைப்பான். பெயர் வியாபாரியோ, இரண்டு பெயர் விற்ற ஆண்டில் 'ரகசியம் பிடிபட்டுவிட்டது' என்று இன்னும் இருநூறு பெயர் வாங்கிவிடுகிறான். அடுத்த ஆண்டு ஒன்றும் விற்காதபோது மூன்று லட்சம் புதுப்பிக்கும் கட்டணம் வந்து நிற்கிறது. சந்தை அவனைக் கெடுக்கவில்லை. நல்ல ஆண்டு கெடுத்தது.

விலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். நூறு பெயருக்கு ஆண்டுக்குச் சராசரி ஒன்று விற்கிறதென்றால், அந்த ஒன்று ஒரு லட்சத்துக்கு மேல் போக வேண்டும். தரகு நூற்றுக்குப் பதினைந்து இருபது போய்விடும். ஆக, சராசரியாக ஒன்றேகால் லட்சம் விலை வந்தால்தான் கைமுதல் கைக்கு வரும். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியதை ஐம்பதாயிரத்துக்கு விற்றேன் என்று ஒருவன் மார்தட்டும்போது, விற்காத தொண்ணூற்றொன்பதைப் பற்றியும் கேட்பது நல்லது.

ஈரோட்டில் நெடுநாள் மஞ்சள் மண்டி நடத்திய பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் ஒருமுறை விளக்கிச் சொல்ல நேர்ந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"ஏனுங்க தம்பி, விக்காமயே போச்சுன்னா அடிமாட்டு விலைக்காச்சும் தள்ளிரலாமுங்களா?"

"பெரும்பாலும் அதுவும் முடியாதுங்க. கேட்கவே ஆள் இருக்காது."

"அப்ப அது சரக்கில்லீங்க தம்பி. சரக்குன்னா ஏதோ ஒரு வெலைக்கு இன்னைக்கே போகோணும்."

அவர் சொன்னதில் முழு வியாபார சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2010ஆம் ஆண்டில் குவிண்டால் பதினாறாயிரத்துக்கும் மேல் விலை வந்தது. இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர்கள் ஏராளம். 2012க்குள் அது நாலாயிரம் அளவுக்கு விழுந்தது. வயிற்றில் அடித்த வீழ்ச்சிதான். ஆனால் விழுந்த விலையிலும் மஞ்சள் விற்றது. ஏனென்றால் ஊரெல்லாம் குழம்பு கொதிக்கிறது. பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2024இல், விலை மறுபடியும் பதினைந்தாயிரத்தைத் தாண்டியபோது, விரலியும் கிழங்கும் வைத்திருந்தவன் கண் திறந்தது. மஞ்சளின் ஏற்ற இறக்கம் விலையில் இருக்கிறது. பெயரின் ஏற்ற இறக்கமோ, ஆள் வருவதிலும் வராததிலும் இருக்கிறது. ஒரு பெயருக்கு உலகத்திலேயே ஒரே ஒருவன்தான் வாங்குகிறவனாக இருக்கலாம். அவன் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம்.

இந்த வகையில் பெயர் வியாபாரம் மாட்டுத்தாவணியை ஒத்தது. துண்டுக்கடியில் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசும் பழக்கம் நம் பக்கத்துச் சந்தைகளில் உண்டு. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. பெயர்ச் சந்தையிலும் பெரும்பாலான விலைகள் வெளியே வருவதில்லை; வருகிற விலைகள் பெரிய விலைகளே. 2019இல் 'வாய்ஸ் டாட் காம்' என்ற ஒற்றைப் பெயர் 3 கோடி டாலருக்கு விற்றது உலகத்துக்கெல்லாம் தெரியும். அதே நாளில் விற்காமல் உதிர்ந்த பெயர்களுக்கு யார் செய்தி போட்டார்கள்?

வாங்குகிறவனைப் பற்றிப் பேசும்போது, அவனிலும் இரண்டு சாதி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவன் கடை வைக்க வாங்குகிறவன். மற்றவன் விற்பதற்காக வாங்குகிறவன். இரண்டாமவன் மட்டுமே சந்தையில் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நாம் பெருந்துறையில் கண்டோம். ஈமு கோழி வளர்ப்பு என்று ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். வளர்த்த கோழியைச் சாப்பிடுகிறவன் யார் என்ற கேள்விக்கு விடை இல்லை; குஞ்சை வாங்கி வளர்க்க வருகிற அடுத்தவன்தான் விடை. 2012இல் அடுத்தவன் வரவில்லை. அத்தனையும் சரிந்தது.

பெயர்ச் சந்தையிலும் இதே நாடகம் நடந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டில் சீனப் பணம் திடீரென்று இந்தச் சந்தையில் பாய்ந்தது. அர்த்தமே இல்லாத நான்கெழுத்துப் பெயர்கள், வெறும் எண் பெயர்கள் எல்லாம் கைக்குக் கை மாறி ஏறின. கடை வைக்கிறவன் அவற்றைக் கேட்கவில்லை. வியாபாரிக்கு வியாபாரி விற்றுக்கொண்டார்கள். 2016இல் பணம் வந்த வேகத்தில் வற்றியது. உச்சியில் வாங்கியவர்கள் கையில் நான்கு எழுத்துகள் மிஞ்சின. இன்று 'டாட் ஏ.ஐ.' என்று முடியும் பெயர்களுக்கு இருக்கும் மோகத்தைப் பார்க்கும்போது, அந்தப் பழைய கதையை மறவாமலிருப்பது நல்லது. அந்த முடிவெழுத்து அங்குவில்லா என்ற சிறு தீவுக்குச் சொந்தம். பதினாறாயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு 2023இல் மட்டும் இதனால் 3 கோடி டாலருக்கு மேல் வருமானம். அதற்கு முன்பே, துவாலு என்ற பசிபிக் தீவு, 'டாட் டி.வி.' என்ற தன் முடிவெழுத்தைக் குத்தகைக்கு விட்டு வந்த பணத்தின் துணையால் 2000இல் ஐ.நா. சபையில் சேர்ந்தது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் வாசலில் சுங்கம் வாங்குகிறவனுக்கு நஷ்டமில்லை. இது எல்லாச் சந்தைக்கும் பொது.

பெயரைப் பிடித்து வைப்பது நியாயமா என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. ஊருக்குப் பொதுவான வார்த்தையை முந்திப் பிடிப்பது ஒன்று. அடுத்தவன் உழைத்துச் சேர்த்த பெயரைப் பிடித்துக்கொண்டு அவனிடமே பணம் கேட்பது இன்னொன்று. அமெரிக்காவில் டென்னிஸ் டோப்பன் என்பவர் பானாவிஷன் என்ற சினிமாக் காமிராக் கம்பெனியின் பெயரைப் பிடித்துக்கொண்டு 13,000 டாலர் கேட்டார். 1998இல் மேல் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. 1999இல் இத்தகைய வழக்குகளுக்காக உலகப் பொதுவான பஞ்சாயத்து முறை ஒன்று உண்டாயிற்று. அதன் முதல் வழக்கிலேயே, மல்யுத்தக் கம்பெனியொன்றின் பெயரைப் பதிவு செய்தவன் 1,000 டாலருக்கு விற்கிறேன் என்று சொன்னதே அவனுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. எத்தனை கேட்டாய் என்பதல்ல, யாருடைய பெயருக்கு யாரிடம் கேட்டாய் என்பதே கேள்வி.

இந்தியாவில் 1999இல் டில்லி ஹைகோர்ட்டு யாஹூ வழக்கில் வழி காட்டியது. 2004இல் சுப்ரீம் கோர்ட்டு, முன்னே சொன்ன சத்யம் இன்போவேயின் 'சிஃபி' என்ற பெயர் வழக்கில், இணையப் பெயருக்கும் வியாபாரச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்த்துச் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டு 'டாட் இன்' பெயர்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது, பஞ்சாயத்து முறையும் கூடவே வந்தது.

சட்டம் தெரிந்தும் ஆசை விடுவதில்லை. 2023இல் டில்லி இளைஞர் ஒருவர், ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒருநாள் சேரும் என்று ஊகித்து, இரண்டையும் ஒட்டிய பெயரைப் பதிவு செய்தார். 2024இல் இணைப்புச் செய்தி வந்தபோது, வெளிநாட்டில் படிக்க ஒரு கோடி ரூபாய் அளவுக்கு உதவி கேட்டார். கம்பெனி இணங்கவில்லை. பெயர் துபாயிலிருந்த இரண்டு இந்தியக் குழந்தைகளின் கைக்குப் போயிற்று. அவர்கள் அதை விலையில்லாமலே கொடுக்க முன்வந்தார்கள். ஊகம் அட்சரம் பிசகாமல் பலித்தது. ஆனால் கேட்ட தொகை அவர் கைக்கு வரவில்லை. இந்த வியாபாரத்தில் சரியாக ஊகிப்பது பாதி வேலைகூட அல்ல.

நம்மூர்ப் பெயரே ஒருமுறை இந்த ஆட்டத்தில் அகப்பட்டது. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவு போட்டது. ஆங்கிலத்தில் பத்தெழுத்தாக இருந்த கோயமுத்தூர் பதினாலு எழுத்தாயிற்று. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், ஒரு வாரம் போல ஆனதும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு வந்த அன்றே புதிய எழுத்தில் பெயர் பதிவு செய்தவன் எவனாவது இருந்திருந்தால், அவன் முதலீட்டின் ஆயுள் அவ்வளவுதான். பெயரின் மதிப்பு ஜனங்களின் நாவில் இருக்கிறது. உத்தரவிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை.

அந்த நாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தமிழ் எழுத்திலேயே இணையப் பெயர் வைக்க இன்று வழி உண்டு. 2010, 2011 ஆண்டுகளில் இலங்கையும் சிங்கப்பூரும் இந்தியாவும் தமிழ் எழுத்தில் தங்கள் நாட்டு முடிவெழுத்தைப் பெற்றன. ஆனால் அந்தச் சந்தையில் ஈ ஓட்டுகிறார்கள். கோயமுத்தூரில் கிரைண்டர் செய்கிறவனும், திருப்பூரில் பனியன் தைக்கிறவனும், பலகையில் தமிழ் எழுதினாலும் இணையத்தில் ஆங்கில எழுத்தையே வைக்கிறான். அதனால் நம் பிள்ளைகள் முதலீடு செய்யும் பெயர்களும் எங்கோ அமெரிக்காவில் இருக்கிற, முகம் தெரியாத ஒருவனின் விருப்பத்தை ஊகித்து வாங்கும் பெயர்களாகவே இருக்கின்றன. மண்டிக்காரனுக்கு மழை தெரியும், மண் தெரியும், எந்த ஊர் லாரி எப்போது வரும் என்று தெரியும். அந்த அறிவே அவன் முதல். அறியாத ஊரின் அறியாத கடைக்கு அறியாத மொழியில் பெயர் வைத்துக் காத்திருப்பவனிடம் அந்த முதல் இல்லை.

இந்தத் தொழிலே ஆகாது என்று சொல்வது என் நோக்கமல்ல. பருத்தி இருப்பு வைத்து விற்றவர்களையும் ஒரு காலத்தில் சூதாடிகள் என்றுதான் ஊர் பேசியிருக்கும். நம்மவர்களிலும் பருத்தியில் வந்த லாபத்தை ஆலையில் போட்டவர்கள் உண்டு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது ஆலைகளை நிறுவியவர்களுக்கு அந்தப் பணமும் துணை நின்றது. லாபம் எங்கே போய்த் தங்கியது என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே பெயர் வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடியது இதுதான். பத்துப் பெயரோ இருபது பெயரோ, மூன்று ஆண்டு ஒன்றுமே விற்காவிட்டாலும் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்ட முடிகிற அளவோடு நிறுத்துங்கள். கடன் வாங்கி ஒரு பெயரும் வாங்காதீர்கள். வட்டிக்கு வாங்கியவனால் காத்திருக்க முடியாது, காத்திருப்பதைத் தவிர இத்தொழிலில் வேறு வேலையும் இல்லை. அடுத்தவன் பெயரைத் தொடாதீர்கள். வாங்கியவற்றில் மிகவும் பிடித்த பெயர் ஒன்று இருக்குமானால், அதை விற்காமல், அதன்மேல் நீங்களே ஒரு கடையைத் திறந்து பாருங்கள்.